ஈரம் பார்க்கிற கை

கொழுந்துச் சாக்குக்குள் கையை விடுவதற்கு முன்னால் எடை போடுகிறவர் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொள்வார். அவசரமே இருக்காது. காலையிலிருந்து சரிவில் நின்று தேயிலை பறித்து, முதுகு ஒடிய மூட்டையைச் சுமந்து வந்து தராசடியில் வரிசை கட்டி நிற்கிறோமே, ஒருத்திக்குப் பிள்ளைக்குப் பால் கொடுக்க ஓடவேண்டும், ஒருத்திக்கு ஒன்றுக்குப் போகவேண்டும், அதெல்லாம் அவருக்குக் கிடையாது. கை உள்ளே போய் அடிவரைக்கும் துழாவும். கண் மட்டும் எங்கேயோ மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். வெளியே எடுத்து வேட்டியில் ஒரு துடைப்பு துடைத்தாரென்றால் முடிந்தது கதை. "ஈரம்" என்பார். எங்கள் எடையில் தண்ணீருக்கென்று ஒரு பங்கு கழிந்துவிடும்.

மழை நாளில் கழித்தால் ஒரு நியாயம் உண்டு. இந்த மனுஷன் பங்குனி வெயிலில், சூரியநெல்லி மலை முழுக்கக் காய்ந்து கிடக்கிற நாளிலும் ஈரம் என்பார். ஒருமுறை கேட்டேவிட்டேன், மழை பெய்து மாசக்கணக்கு ஆச்சே, எங்கேயிருந்து வந்தது ஈரம் என்று. என் முகத்தைக் கூடப் பார்க்காமல், "நீ தெளிச்சிருப்ப" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடிக்கிற தண்ணீருக்கே ஓடைக்கு இறங்கி ஏறவேண்டிய மேட்டில் எவள் கொழுந்துக்குத் தண்ணீர் தெளிப்பாள்?

ஆனால் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தேன். அப்படிக் காய்ந்த நாளில் அவர் வாய் ஈரம் என்று சொல்லும், கை வேட்டிப் பக்கம் போகாது. சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். நிஜமாகவே நனைந்த கொழுந்தாக இருந்தால் மட்டும்தான் கை தன்னால் துடைத்துக்கொள்ளும். வாய் கம்பெனியில் சம்பளம் வாங்கியது, கை வாங்கவில்லை. இது எனக்குத் தெரிந்து என்ன பிரயோசனம்? கழிவது கழிந்துகொண்டேதான் இருந்தது. அந்த வருஷங்களில் எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. ஒரு நாளாவது நான் சுமந்து வந்த ஏதோ ஒன்று, கழிவில்லாமல் முழுசாக என் பேரில் விழவேண்டும்.

அவர் பேரைச் சொல்லமாட்டேன். சொன்னால் எஸ்டேட்டில் இன்னும் நாலு பேர் என்னோடு பேசமாட்டார்கள். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பின்னால் கூப்பிட்ட பெயர்கள் வேறே உண்டு, அவை எழுத்துக்கு ஆகாது.

தராசடியில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. டீக்கடையில் பால் குண்டான் திறந்திருந்தால் எட்டிப் பார்த்து முகர்வார். வெளியே மழை என்று யாராவது நனைந்துகொண்டே உள்ளே வந்து சொன்னாலும், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்த பிறகுதான் குடையை எடுப்பார். அவர் மகளைப் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறையைத் தாண்டி ஒரு விவசாயக் குடும்பத்தில் கொடுத்திருந்தார். அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரி நர்ஸ் குழந்தையின் எடையைச் சொல்ல, இவர் "துணியைக் கழிச்சாச்சா?" என்று கேட்டு, மறுபடி நிறுக்கச் சொல்லிவிட்டாராம். சம்பந்தி வீட்டார் முகம் சுண்டிப்போய் நின்றார்களாம். அந்தக் கதை மலைக்கு ஏறி வந்து, இங்கே தொழிலாளர் லயத்தில் வீடு வீடாகச் சிரித்தார்கள். பிறந்த குழந்தையையே நம்பாத மனுஷன் என்ற பேர் இரண்டு ஜில்லாவிலும் அவருக்கு நிலைத்துவிட்டது.

அப்படிப்பட்டவர் ரிட்டயர் ஆன கையோடு எங்கள் டீமுக்கு மேனேஜராக வந்து சேர்ந்தார் என்றால் எங்களுக்கு எப்படி இருந்திருக்கும்.

டீம் என்றால் வடம்வலி டீம். கயிறு இழுக்கிற போட்டிதான். ஆனால் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் சிரித்துக்கொண்டு இழுப்பது மாதிரி நினைக்காதீர்கள். இடுக்கியில் இதற்காகவே உடம்பை வளர்க்கிறவர்கள் உண்டு. ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். எல்லோரையும் சேர்த்து நிறுத்தால் சொன்ன எடைக்குள் இருக்கவேண்டும். நன்றாக இழுக்கிற ஆளைக் காசு கொடுத்துக் கூட்டிப்போகிற டீம்கள் இருக்கின்றன. ஆண்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்ததில் பெண்கள் டீமும் வந்த காலத்தில், எங்கள் டிவிஷனில் கொழுந்து பறிக்கிறவர்கள் ஏழு பேர் சேர்ந்தோம். நான் ஆறாவது ஆள். எனக்குப் பின்னால், கயிற்றின் கடைசியில் செல்வி. எங்களில் சின்னவள், கல்யாணம் ஆகாதவள், கட்டுமஸ்தான உடம்பு.

அண்ணாச்சியும் வாலிபத்தில் இழுத்தவராம். ஏன் விட்டார் என்று கேட்டால் பதில் வராது. எதிர் டீம் ஏதோ போட்டுக்கொண்டு வந்து இவர்களைத் தரையோடு இழுத்துக்கொண்டு போனதாகப் பழைய ஆட்கள் சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, ஊசி, மாத்திரை, பவுடர் என்ற பேச்சு வந்தாலே அவர் மூக்கு விடைக்கும்.

"கொழுந்து ஒரே நாள்ல கனக்காது ஏட்டி. கனத்தா அது தண்ணி" என்பார்.

முதல் நாளே நாங்கள் முணுமுணுத்தோம். தராசடியில் பட்டது போதாதென்று சாயங்காலமும் இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமா என்று நான் சத்தமாகவே சொன்னேன். அவர் காதில் விழுந்தது. விழுந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு சில்வர் ஓக் மரத்தில் கப்பி கட்டி, கயிற்றின் மறு முனையில் கல் நிரப்பிய டிரம்மைத் தொங்கவிட்டார். அதை நாங்கள் இழுத்து மேலே ஏற்றி, அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். பேசக்கூடாது. காலை மாற்றக்கூடாது. மழை பெய்தாலும் விடக்கூடாது. டிரம்மின் வாயைச் சாக்கால் மூடி அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு முடிச்சுப் போட்டு வைப்பார். அடுத்த நாள் வந்ததும் முதலில் முடிச்சைத்தான் பார்ப்பார், நாங்கள் கல்லை எடுத்திருப்போமாம். எங்களுக்கு இருந்த வேலைக்கு நடுவில் கல் பொறுக்கத்தான் ராத்திரி வந்தோமாக்கும்.

நாங்கள் பிடித்துக்கொண்டு நிற்கும்போது வரிசையோடு நடந்து வருவார். இரண்டு ஆளுக்கு நடுவில் கயிற்றின்மேல் இரண்டு விரலை வைப்பார். யார் இழுக்கிறாள், யார் சும்மா தொங்குகிறாள் என்று விரலுக்குத் தெரிந்துவிடும். என் இடத்தில் வரும்போது கொஞ்ச நேரம் கூடுதலாக வைப்பார். விரலை எடுத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். நல்லது என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் வெந்துவிடுமா? வீட்டுக்குப் போய்ச் சோற்றுக் குண்டானை டமாரென்று வைப்பேன். என் வீட்டுக்காரர், இன்றைக்கும் நிறுத்தாரா என்று கேட்டுச் சிரிப்பார்.

எரிச்சலாக இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். இரண்டாம் வருஷத்தில் டிரம் லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. லேசாகவில்லை, அவர் அதில் கல்லைக் கூட்டிக்கொண்டே இருந்தார் என்று பின்னால் தெரிந்தது. குதிகாலை எந்தச் சாய்வில் மண்ணில் குத்தவேண்டும், எதிராளி மூச்சு வாங்குகிற நேரத்தில் எப்படி அங்குலம் அங்குலமாகத் திருடவேண்டும், எல்லாம் உடம்பில் ஏறியிருந்தது. மழையில் நின்று நின்று வந்தது அது. கடையில் வாங்கியது இல்லை.

அந்த வருஷம்தான் ஜிம்காரன் ஒருத்தன் பைக்கில் வந்தான். டவுனில் ஜிம் வைத்திருக்கிறானாம். பளபளவென்று ஒரு டப்பாவைக் காட்டி, மூன்றே வாரத்தில் பலம் இரண்டு மடங்கு என்றான். அண்ணாச்சி டப்பாவை வாங்கி முகர்ந்து பார்த்தார். அவனையே ஒரு ஸ்பூன் தின்னச் சொன்னார். தின்றான். பிறகு அவனைக் கொழுந்துத் தராசில் ஏறி நிற்கச் சொன்னார். எதற்கு என்றான். இன்றைக்கு ஒரு எடை பார்ப்போம், மூன்று வாரம் கழித்து வா, இன்னொரு எடை பார்ப்போம், வித்தியாசத்தில் தண்ணீர் எவ்வளவு என்று நான் சொல்கிறேன் என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவன் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். போகும்போது செல்வியிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனான். நான் பார்த்தேன், வயசுப் பிள்ளை, வேறே எதுவோ என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி மாசத்தில் செல்வி மாறினாள். டிரம்மைப் பிடித்தால் மற்றவர்கள் நடுங்கும்போது அவள் மரம் மாதிரி நின்றாள். தோள் அகன்றது. பேச்சில் ஒரு கரகரப்பு வந்தது. மழைச் சளி என்றாள். எங்களுக்குப் பெருமைதான். அண்ணாச்சிக்கு மட்டும் முகம் இருண்டது. அவள் இடத்தில் கயிற்றின்மேல் விரலை வைத்தவர் எடுக்கவே மாட்டேனென்றார். என்ன தின்கிறாய், எங்கே போனாய், ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ்ஸில் எதற்கு ஏறினாய் என்று துருவித் துருவிக் கேட்டார். அவள் அழுதுவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு பெண் உழைத்து வளர்ந்தால் இந்த மனுஷனுக்குக் கண் பொறுக்காதா? வளர்த்ததும் இவர்தான், வெட்டப் பார்ப்பதும் இவர்தானா? அவர் முகத்துக்கு நேரே கேட்டேன். "நீங்க தராசை விட்டு வந்துட்டீங்க அண்ணாச்சி, தராசு உங்கள விட்டுப் போகல" என்றேன். அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு நடந்துபோனார். அவருக்கு வேண்டியது கிடைத்தது என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஓணத்தை ஒட்டி அவர் மகள் ஊர்ப் பக்கம் ஒரு பெரிய போட்டி. அவர் சொல்லித்தான் எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். மழையிலும் பனியிலும் கிடந்த நாங்கள் ஜீப்பில் இறங்கி அந்தச் சமவெளிக்குப் போனதும் கண்ணைக் கூசியது. தென்னந்தோப்பு, வரப்பு, வெயில். பேச்சே வேறு மாதிரி. வாங்க, போங்க, உட்காருங்க என்று ஒவ்வொரு சொல்லுக்கும் மரியாதை தைத்து வைத்திருந்தார்கள். கமிட்டிச் செயலாளர் நிலபுலன் உள்ள கவுண்டர். அண்ணாச்சியின் மகள் வீட்டுக்கு அடுத்த வீடு. இவரைப் பார்த்ததும், குழந்தையை நிறுத்த பெரியவரா வாங்க என்று வரவேற்றார்.

எடை பார்க்கும் முன் அண்ணாச்சி எங்கள் ஒவ்வொருத்தி புஜத்தையும் அமுக்கிப் பார்த்தார். மாடு பிடிக்கிற சந்தை மாதிரி இருந்தது எனக்கு. செல்வி முறை வந்தபோது அவள் முகம் சுளித்தாள். பயிற்சியில் தசை பிடித்திருக்கும் என்று நினைத்தேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். வீட்டிலிருந்து கேனில் கொண்டுவந்த கஞ்சித் தண்ணீரை முதலில் தான் குடித்துவிட்டு, சற்றுப் பொறுத்திருந்து, பிறகு எங்களுக்குக் கொடுத்தார்.

இறுதிப் போட்டியில் எங்களுக்கு எதிரே நின்றது கீழ்நாட்டு டீம். காலேஜ் பெண்கள். ஒரே மாதிரி சீருடை, ஷூ, தனியாக ஒரு கோச். முதல் இழுப்பு அவர்களுக்குப் போனது. இரண்டாவது எங்களுக்கு. மூன்றாவதில் கயிறு அசையவே இல்லை. இரண்டு பக்கமும் மல்லாந்து கிடக்கிறோம். வெயில் முகத்தில் அறைகிறது. அண்ணாச்சி எங்கள் பக்கம் குந்தி உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் தரையைப் பார்த்து வைத்திருந்தார். பிடி, விடாதே என்று அதற்கு அர்த்தம். கையைத் திருப்பினால் இழு என்று அர்த்தம். எவ்வளவு நேரமோ தெரியாது. டிரம்மோடு மழையில் நின்றதெல்லாம் இதற்குத்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. எதிரே நடுவில் ஒருத்தி காலை மாற்றினாள். கயிற்றில் ஒரு சின்னத் துடிப்பு என் விலாவுக்கு வந்தது. அவர் கை திரும்புவதற்குள் நான் குதிகாலைப் பின்னால் குத்திவிட்டேன். ஏழு குதிகாலும் ஒன்றாக இறங்கின. அதற்கப்புறம் அவர்கள் நிற்கவே இல்லை, வந்துகொண்டே இருந்தார்கள்.

நான் மண்ணில் கிடந்து அழுதேன். ஜெயித்தால் அழுகை வரும் என்று அதுவரைக்கும் தெரியாது. இது என் பேரில் முழுசாக விழுந்த எடை, இதில் கழிக்க எவனுக்கும் வழியில்லை என்று நினைத்தேன்.

எழுந்திருப்பதற்குள் புகார் வந்துவிட்டது. எதிர் டீம் கோச் எங்கள் கைகளைக் காட்டி, ஊசி போட்ட தடம் என்று கத்தினார். குனிந்து பார்த்தேன். முழங்கையிலும் மணிக்கட்டிலும் புள்ளி புள்ளியாகச் சிவந்து கிடந்தது. அட்டைக்கடி! மழைக்காலத்தில் தேயிலைக்குள் இறங்குகிற எவள் கையில்தான் அது இல்லை? உப்பையும் சுண்ணாம்பையும் வைத்து உதறிவிட்டு அடுத்த செடிக்குப் போகிறவர்கள் நாங்கள். அந்த வெயில் ஊரில் அட்டையை யார் பார்த்தார்கள். காலில் கடிக்கும் சரி, கையில் எப்படிக் கடிக்கும் என்று கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார். தோட்டத்து ஆட்கள் எதையும் போடுவார்கள் என்று இன்னொருத்தர் சொன்னது என் காதில் விழுந்தது.

செயலாளர் நல்ல மனுஷர். சோதித்துப் பார்க்க இங்கே வசதி ஏதுமில்லை என்று சொல்லி, கோப்பையை மேஜைக்குக் கீழே இறக்கி வைத்தார். பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க பெரியவரே, பொறந்த குழந்தையையே நம்பாத ஆளு நீங்க. நீங்க சுத்தம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நாங்க ஒத்துக்கறோமுங்க. நம்ம ஊருல யாரும் மறுத்துப் பேச மாட்டாங்க."

உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கட்டும், இவரிடமா? பங்குனியில் ஈரம் சொன்ன வாய். எதிர் டீம் கோச்சும் சரி என்று ஒத்துக்கொண்டார், அவருக்கும் இவர் கதை தெரிந்திருந்தது.

அண்ணாச்சி சட்டைக் கையைச் சுருட்டினார். எங்களை வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொருத்தி கையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்தது போதாதென்று புஜத்தில் உள்ளங்கையை வைத்தார். என்னிடம் வந்தபோது நான் அவர் கண்ணையே முறைத்துக்கொண்டு நின்றேன். அவர் நகர்ந்து செல்வியிடம் போனார். அவள் புஜத்தில் கையை வைத்தவர் எடுக்க நேரமாயிற்று. கண் எங்கேயோ தூரத்தில் தெரிந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கையை எடுத்தார். அந்தக் கை தன்னால் போய் வேட்டியில் துடைத்துக்கொண்டது.

முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"காய்ஞ்ச கொழுந்து" என்றார் அண்ணாச்சி. செயலாளருக்குப் புரியவில்லை. "சுத்தம்ங்கேன். ஏழும் சுத்தம். கோப்பையக் குடுங்க."

மைதானம் கைதட்டியது. நாங்கள் அவரைத் தூக்கவே போய்விட்டோம், அவர்தான் விலகி நின்றார். அந்தச் சந்தோஷத்தில் அவர் கை துடைத்ததை நான் மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று சொல்வது சரியில்லை. நினைக்கவேண்டாம் என்று வைத்துக்கொண்டேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து காய்ஞ்சது என்று ஒரு சொல் வந்திருக்கிறது, அதை யார் கிளறுவார்கள்?

அவர் எங்களோடு மலைக்குத் திரும்பவில்லை. மகள் வீட்டிலேயே தங்கிக்கொண்டார். டிரம்மின் முடிச்சை அவிழ்க்க எங்களில் ஒருத்திக்கும் தெரியவில்லை, சாக்கை அறுத்தோம்.

புரட்டாசியில் செல்வி என் லயத்துக்கு வந்தாள். எங்களிடம் தோற்ற அந்தக் கீழ்நாட்டு டீமே அவளைச் சம்பளத்துக்குக் கூப்பிட்டிருந்தது. ஹாஸ்டலில் தங்கலாம், தோட்டத்துக்குத் திரும்பவே வேண்டாம். சந்தோஷமாகச் சொல்லவேண்டியதை அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"ஊசி போட்டேன்க்கா" என்றாள். "ஞாயித்துக்கிழமை டவுனுக்குப் போனது அதுக்குத்தான். அண்ணாச்சிக்குத் தெரியும். எடை பாக்கும்போதே தெரிஞ்சிட்டு."

கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அவள் நகரவும் இல்லை, அடி என்று நின்றாள். ஊசி போட்டால் மட்டும் கயிறு வருமா, உங்களோடு மழையில் நானும்தானே நின்றேன் என்று கேட்டாள். நின்றாள்தான். அதை எப்படி இல்லை என்பது? கடைசியில் கயிறு வந்தது என் குதிகாலுக்கா, அவள் ஊசிக்கா, யார் நிறுத்துச் சொல்வார்கள்? சொல்லக்கூடிய ஒரே ஒரு ஆள் பொய் சொல்லிவிட்டு மகள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். செல்வி போனபிறகு மெடலை எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் போட்டேன். காய்ந்த கொழுந்துக்கு என்னிடம் கழித்த மனுஷன், நனைந்ததைக் காய்ந்தது என்று சொல்லி, என்னுடைய ஒரே முழு எடையையும் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டார். அவர்மேல் அவ்வளவு ஆத்திரம் அதற்கு முன்னால் வந்ததே இல்லை.

இரண்டு வருஷம் அந்த ஆத்திரத்தை வைத்துக்கொண்டிருந்தேன். போன தை மாசம், கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன வழியில் இறங்கி, அவர் மகள் வீட்டைத் தேடிப் போய்விட்டேன். வெறுங்கையோடு போகக்கூடாதே என்று, வீட்டுக்குப் பின்னால் என் நாலு செடியில் பறித்து, நானே கையால் கசக்கி, இருப்புச் சட்டியில் வறுத்த தேயிலை கொஞ்சம் பொட்டலம் கட்டி எடுத்துப்போயிருந்தேன்.

மகள், வாங்க வாங்க என்று உள்ளே கூட்டிப்போனாள். அப்பா இப்போதெல்லாம் யாரோடும் பேசுவதில்லை, போட்டிக்கு ஜட்ஜாக உட்காரச் சொல்லிக் கமிட்டிக்காரர்கள் எத்தனையோ தடவை வந்தும் மாட்டேனென்றுவிட்டார் என்று குறைபட்டாள். அவர் தொழுவத்துப் பக்கம் நாற்காலியில் இருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், கொழுந்து எப்படி வருகிறது என்றுதான் கேட்டார். நான் நின்றுகொண்டே கேட்டேன்.

"செல்விகிட்ட ஈரம் இருந்துச்சா இல்லையா, அண்ணாச்சி?"

"இருந்துச்சு."

"தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"தெரிஞ்சேதான் சொன்னேன்." மாட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். "சாக்குல ஒரு பிடிதாம்ட்டி ஈரம். மிச்சம் பூரா காய்ஞ்சது. அந்த ஒரு பிடிக்காகச் சாக்கையே கொட்டிருப்பேன் பழைய நாள்னா. அன்னைக்கு மனசு வரல. காய்ஞ்சதுக்கே எத்தனையோ நாள் கழிச்சவன்தான நான்."

அவர் அதைச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கத்துவதற்கென்று வழி நெடுகச் சேர்த்து வைத்திருந்ததில் ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சியது.

"அப்போ அந்த ஈரத்த யாரு கணக்குல கழிக்கிறது?" என்றேன்.

"என் கணக்குலதான். கழிச்சாச்சு." அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இனிமே நான் சுத்தம்னு சொன்னா அதுல ஈரம் இருக்கு. அதான் எங்கயும் போயி உக்காரதில்ல."

பொட்டலத்தை நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிரிக்கவில்லை, முகரவில்லை, நல்லது என்று மட்டும் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பால் குண்டானை எட்டிப் பார்க்கிறவர், ஜன்னலுக்கு வெளியே கை நீட்டுகிறவர், என் கையிலிருந்து ஒன்றை அப்படியே வாங்கி வைத்துக்கொள்வாரா? நானே பொட்டலத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன்.

"கையை விட்டுப் பாருங்க" என்றேன்.

வேண்டாம் என்று தலையசைத்தார். பாருங்க அண்ணாச்சி என்று நான் மறுபடி சொன்னபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, கெஞ்சல் மாதிரி இருந்தது. அவர் மெல்லச் சட்டைக் கையைச் சுருட்டினார். விரல்கள் தேயிலைக்குள் போய் அடியைத் துழாவின. கண் எங்கேயோ போயிற்று. கையை வெளியே எடுத்தார்.

ஏதோ சொன்னார். காய்ஞ்சது என்றாரோ, நல்லா வறுத்திருக்கே என்றாரோ, நான் கவனிக்கவில்லை. அந்த வாயை நான் என்றைக்கு நம்பினேன்? கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் நுனியில் தேயிலைத் தூள் ஒட்டியிருந்தது. மகள் காப்பி கொண்டுவந்து வைத்தாள், மாடு ஒருமுறை கத்தியது, அவர் பேசிக்கொண்டே இருந்தார். கை அந்தத் தூளோடு மடியிலேயே கிடந்தது. வேட்டிப் பக்கம் போகவே இல்லை.